அவ இன்னும் கதவுகிட்டயே நிக்கறா

ஊரில் இருக்கிற கதவையெல்லாம் ஒழுங்காகத் திறக்க வைத்த மனிதர் வீட்டில், பால்கனிக் கதவு மட்டும் திறக்காது. மழை பெய்தால் பலகை ஊதி நிலையோடு ஒட்டிக்கொள்ளும். வெயில் அடித்தாலும் பெரிதாக மனம் மாறிவிடாது. ஒரு காலை நிலையில் முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் பிடியைப் பிடித்து இழுத்து, கூடவே ஒரு வசவும் விட்டால்தான் வரும். ஈரத்துணி வாளியோடு நின்றுகொண்டு அவள் கத்துவாள்: "தச்சன் பொண்டாட்டிக்கு வாய்ச்ச கதவைப் பாருங்க!"

"ஞாயித்துக்கிழமை பாத்துடலாம்" என்பார் தச்சர். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் அந்த மனிதர் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை.

அவளுக்கு வேலை டிரை கிளீனிங் கடையில். வருகிற துணிக்குச் சீட்டுக் குத்துவது, பையில் பேனா கிடக்கிறதா என்று துழாவுவது, போகிற துணியை ஆளைப் பார்த்துக் கொடுப்பது. மதிய இடைவேளை வந்தால் கடையின் பின்பக்கம் போய்விடுவாள். பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகள் வரிசையாகத் தொங்கும் இடத்தில், இரண்டு கோட்டுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கதை எழுதுவாள். எழுதச் சொல்லி யாரும் அழவில்லை. ஒரு வார இதழ் இரண்டு கதை போட்டது, மற்றதெல்லாம் போன இடம் தெரியவில்லை. அதற்காக அவள் கை நிற்கவில்லை. ஒரு கோட்டில் ஒரே ஒரு பொத்தான் மட்டும் வேறு நூலில் தைத்திருக்கும். தைத்தவள் அவசரத்தில் தைத்தாளா, கோபத்தில் தைத்தாளா? அங்கே பிடித்துக்கொண்டால் போதும், சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பும். ஒரு வாக்கியம் நினைத்தபடி வந்து உட்கார்ந்துவிட்டால் அடிவயிற்றில் ஒரு குளுகுளுப்பு வருமே, அதற்கு ஈடாக எதையும் அவள் இந்த உலகத்தில் பார்த்ததில்லை. மனைவிக்குத் தச்சர் வைத்த பெயரே கதைக்காரி.

எழுதியதைச் சாயங்காலம் அவருக்குப் படித்துக் காட்டுவாள். அவர் உளியைத் தீட்டிக்கொண்டே கேட்பார். கதாநாயகி புருஷனோடு சண்டை போட்டு, பெட்டியும் கையுமாக ரயிலேறி, ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள். படிக்கிற இவளே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அந்த நேரம் பார்த்துத் தச்சர் தலையைத் தூக்குவார்.

"அது சரி, அடுப்புல பாலை வச்சாளே, இறக்கினாளா?"

"உங்களை வச்சுக்கிட்டு ஒரு கதை சொல்ல முடியுமா? அவ வாழ்க்கையே போச்சுங்கறேன், பாலைக் கேக்கறீங்க!"

"வாழ்க்கை போனா வரும். வீடு தீப்பிடிச்சா?"

இரண்டு நாள் அவரோடு பேசமாட்டாள். மூன்றாம் நாள் கோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தால் அந்தப் பால்தான் கண்முன்னால் நிற்கும். பாலை இறக்கி, அடுப்பை அணைத்து, மூடியும் போட்டுவிட்டுத்தான் அவள் வீட்டை விட்டுப் போனாள் என்று எழுதிப் பார்ப்பாள். அடேயப்பா, அந்தப் பெண்ணின் கோபம் அப்போதுதான் நிஜமாகவே கோபமாக எழுந்து நிற்கும்! சொல்லக்கூடாது, சொன்னால் தலைகால் புரியாது அவருக்கு.

அவள் கதைகளில் யாரும் சாகமாட்டார்கள். அது அவர் போட்ட சட்டம். கல்யாணமான புதிதில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது, தங்கவில்லை. அதற்கப்புறம் அவள் எழுதிய முதல் கதையில் ஒரு குழந்தை இறந்துபோனது. தச்சர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டார். "நெசத்துல போறதை நாம தடுக்க முடியல. கதைலயாவது எல்லாரும் இருக்கட்டுமே" என்றார். அன்றிலிருந்து அவள் பேனாவில் ஒரு கிழவன்கூடச் சாகவில்லை. வயது எவ்வளவு ஆனாலும் இருமிக்கொண்டாவது கிடப்பான்.

அப்படிப்பட்ட மனிதர்தான், இருதயம் பழுதாகிப் படுத்த பிறகு, தலைகீழாக ஒன்று கேட்டார்.

டாக்டர் பூசி மெழுகவில்லை. இருதயம் களைத்துப்போய்விட்டது, இனி மருந்து தாங்குகிறவரைதான், வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், கட்டிலை விட்டு இறங்க விடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். பகலில் அவர் தம்பி, பெயின்ட் அடிக்கிறவன், வேலையை விட்டுவிட்டு வந்து கூட இருந்தான். அவள் கடைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். ஒருநாள் சாயங்காலம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது தச்சர் ஆரம்பித்தார்.

"ஒரு கதை எழுதேன்."

"எழுதிட்டுத்தானே இருக்கேன்."

"இது நான் சொல்ற கதை. ஒருத்தன் செத்துப் போறான்."

"வாயைக் கழுவுங்க முதல்ல!"

"நீ கேளேன். சாகறது எப்படின்னு எழுத வேணாம், அதை நான் பாத்துக்கறேன். அதுக்கப்புறம் அவன் பொண்டாட்டி என்ன பண்றா? காலைல எந்திரிச்சதும் என்ன பண்றா? அது எனக்குத் தெரியணும். பாதிக் கதைல எந்திரிச்சுப் போற மாதிரி இருக்குடி எனக்கு."

அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுவிட்டு, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைப்பு. கேட்டிருக்கும், அது என்ன பெரிய வீடா?

முதலில் ஒரு கதை எழுதினாள். அதில் வேறு ஊரிலிருந்து புது டாக்டர் வருகிறார், புது மருந்து தருகிறார், நோயாளி எழுந்து உட்கார்ந்து தோசைக்கல்லைத் தேடுகிறான். தச்சர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "யார் காதுல பூ சுத்தற?" என்றார். அவள் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாள்.

பிறகு நிஜமாகவே எழுத உட்கார்ந்தாள். கோட்டுகளுக்கு நடுவே அந்த மனிதனைச் சாகவிட்டாள். அதற்கு ஒரே ஒரு வரி. அப்புறம் அவன் மனைவிக்கு வந்தாள். எல்லாரும் போன பிறகு அவள் தனியாகப் படுக்கிறாள். அழுவாள் என்று எழுதப் போனவளுடைய பேனா வேறு பக்கம் திரும்பியது: 'அன்று அவள் நன்றாகத் தூங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து குறட்டை இல்லாத முதல் ராத்திரி அது. விடிந்ததும், இவ்வளவு நன்றாகத் தூங்கிவிட்டோமே என்று வெட்கப்பட்டு எழுந்து உட்கார்ந்தாள்.'

எழுதிவிட்டுப் பக்கென்று சிரித்துவிட்டாள்.

பக்கத்து மேசையில் இஸ்திரி போடுகிறவர் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, வீட்டுல தேவலையா?" என்று ஆசையாகக் கேட்டார், பாவம். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கட்டின புருஷன் கட்டிலில் கிடக்கிறார். இங்கே அவரைக் காகிதத்தில் கொன்று போட்டுவிட்டு, வாக்கியம் நன்றாக வந்துவிட்டது என்று வயிற்றில் குளுகுளுப்பு! நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்டாளே தவிர, அந்த வரியை அடிக்க மனம் வரவில்லை. அடுத்த வரி வேறு வரிசையில் வந்து நின்றுகொண்டிருந்தது. அதையும் எழுதினாள்.

அன்று சாயங்காலம் பயந்துகொண்டேதான் படித்தாள். தச்சர் சிரித்தார். சிரித்துச் சிரித்து மூச்சு முட்டி, அவள் நெஞ்சைத் தடவிவிட வேண்டியதாயிற்று.

"என் குறட்டையைக்கூட விட்டு வைக்கலையாடி பாவி!"

"நெசம் வேணும்னு நீங்கதானே கேட்டீங்க?"

"ஆமா. இதுதான் நெசம். அப்புறம்?"

அப்புறம் நாளுக்குக் கொஞ்சமாகக் கதை வளர்ந்தது. அவரும் தன் புத்தியை விடவில்லை. "கேஸ் சிலிண்டர் தீந்துபோச்சே, யாரு மாத்தினா?" என்பார். "அவளேதான்" என்றால், "வாஷர் இருக்கான்னு பாத்தாளா? சோப்புத் தண்ணி ஊத்திப் பாத்தாளா?" என்று குடைவார். அவள் போய் சோப்புத் தண்ணீரையும் எழுதுவாள். தண்ணீர்த் தொட்டி வால்வு எந்தப் பக்கம் திரும்பும், ஃப்யூஸ் போனால் எதை முதலில் அணைக்க வேண்டும், எல்லாம் கதைக்குள் வந்து சேர்ந்தன. இப்படி ஒரு கதையை எந்தப் பத்திரிகை போடும்? ஆனால் எழுதுகிறபோது அவளுக்குத் துக்கம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டது. போய்விடவில்லை, தள்ளி உட்கார்ந்தது. இத்தனை வருஷத்தில் எழுதியதிலேயே இதுதான் கதை என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த சந்தோஷத்தை யாரிடம் போய்ச் சொல்வாள்?

ஒருநாள் கதையில் அந்தப் பெண் துணி துவைத்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கதவு பிடித்துக்கொண்டது. வழக்கம்போலக் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அங்கே நின்றது கதை.

மறுநாள் உட்கார்ந்தாள், வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கோட்டுகள் எல்லாம் கைகட்டிக்கொண்டு அவளையே பார்ப்பதுபோல இருந்தது.

"அப்புறம்?" என்றார் தச்சர்.

"தெரியல. அவ கதவுகிட்டயே நிக்கறா."

"கால் முட்டுக் குடுத்து இழுத்தா வந்துடுமே."

"இழுக்கத் தெரியுங்க அவளுக்கு. திட்டறதுக்குத்தான் ஆள் இல்ல."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். தச்சர் ஒன்றும் கேட்கவில்லை. வாளியைக் கேட்கவில்லை, துணியைக் கேட்கவில்லை. கட்டிலில் படுத்தபடி பால்கனிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் கடைக்கு போன் வந்தது. கொழுந்தன்தான். "அண்ணி, அண்ணனுக்கு மூச்சு வாங்குது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துட்டேன்" என்றான். அவள் கையிலிருந்த சட்டையை யாரிடம் கொடுத்தாள் என்றே தெரியாமல் ஓடினாள்.

மூக்கிலும் வாயிலும் மாஸ்க் போட்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் அதை விரலால் தள்ளினார்.

"அவ இன்னும் கதவுகிட்டயே நிக்கறாளா?"

"பேசாதீங்க. ஆமா, நிக்கறா."

"தொறந்துடும். போய் இழுக்கச் சொல்லு."

கதையை முடிக்கச் சொல்லித் தைரியம் கொடுக்கிறார் என்று அவள் நினைத்தாள். சரி சரி என்று தலையாட்டி மாஸ்க்கை இழுத்துவிட்டாள். மறுநாள் காலையில், நர்ஸ் படுக்கை விரிப்பு மாற்ற வந்த நேரத்தில், அவள் கையைப் பிடித்துக்கொண்டே போய்விட்டார்.

அப்புறம் வீடு நிறைய ஆட்கள். அவளுடைய அக்கா வந்து அடுப்படியைப் பார்த்துக்கொண்டாள், துணியெல்லாம் மொட்டைமாடியில் காய்ந்தது. பால்கனிக் கதவுப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. கதைத் தாள்களைப் பீரோவுக்கு மேலே, கைக்கு எட்டாத இடத்தில் போட்டாள். இனி பேனாவைத் தொடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். யாரையும் சாகவிடாதே என்றவர் பேச்சை மீறினோம், எழுதி எழுதியே அனுப்பிவிட்டோம் என்று மனதில் ஒரு முள். எழுதும்போது சிரித்தோமே என்று நினைத்தால் அந்த முள் இன்னும் உள்ளே போனது. போதாக்குறைக்குக் கதை தப்பு என்றும் ஆகிவிட்டது. குறட்டை இல்லாத வீட்டில் அவளுக்கு ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை.

வந்தவர்கள் போனார்கள். அக்காவும் போனாள். மறுநாள் காலையில் அவள் துணி துவைத்தாள். ஆஸ்பத்திரிப் பையில் சுருட்டிக் கொடுத்திருந்த அவருடைய சட்டையையும் சேர்த்துத்தான். வாளியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு வந்தாள். கதவு.

எல்லாம் அவள் எழுதினபடியே இருந்தது. வாளி, ஈரம், நிசப்தம். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. காலை நிலையில் முட்டுக்கொடுத்தாள். இரண்டு கையாலும் பிடியைப் பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தாள்.

கதவு பறந்து வந்தது. அவள் தடாலென்று பின்பக்கமாக விழுந்தாள். வாளி உருண்டது, துணியெல்லாம் தரையில் சிதறியது, முழங்கை விண்விண்ணென்று தெறித்தது. கதவு ஒரு சத்தமும் போடாமல் மெதுவாக ஆடிக்கொண்டு நின்றது. கீலுக்கு எண்ணெய் போட்டிருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து போய்க் கதவின் விளிம்பைத் தொட்டாள். பழைய பெயின்ட் போய், வெளுப்பாகப் புது மரம் தெரிந்தது. இழைப்புளி போட்டு இழைத்த மரம். மேல்பாதி கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது. கீழே வர வர மேடும் பள்ளமுமாக, விட்டு விட்டு, ஒரு கற்றுக்குட்டி இழைத்த மாதிரி இருந்தது. அவர் கையிலிருந்து அப்படி ஒரு வேலை அவர் ஆயுசில் வந்ததில்லை.

கொழுந்தனுக்கு போன் போட்டாள். "கதவை யாரு இழைச்சா?" என்றாள். அவன் போனை வைத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் ஆளே வந்து வாசலில் நின்றான். உள்ளே வராமல் அங்கேயே நின்று அழுதான்.

"என்னைத் திட்டாதீங்க அண்ணி. நீங்க கடைக்குப் போனதும் கதவைக் கழட்டுடான்னு ஒரே பிடிவாதம். கட்டில்மேல குறுக்க வைக்கச் சொன்னான். நானே இழைச்சுடறேண்ணான்னு கெஞ்சினேன். 'போடா, நீ பெயின்ட் அடிக்கறவன்'னுட்டான். ரெண்டு இழுப்பு இழுப்பான், படுத்துப்பான். திரும்ப எந்திரிச்சு ரெண்டு இழுப்பு. முடிச்சுட்டுத்தான் விட்டான். நான் மாட்டினதும், தொற மூடு, தொற மூடுன்னு பாத்துட்டு அப்படிச் சிரிச்சான் அண்ணி. 'அண்ணிகிட்ட மூச்சு விட்ட, கொன்னுடுவேன். அவளே தொறந்து பாக்கட்டும்'னான். அப்புறம்தான் மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. நான் கழட்டித் தந்திருக்கக் கூடாது. என்னாலதான்..."

அவள் அவனைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தாள். எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ தெரியாது.

"யோவ் பைத்தியக்கார மனுஷா! உன்னை யாருய்யா இழைக்கச் சொன்னா? இத்தனை வருஷமா நான் கத்தினப்ப உன் காது என்ன செவிடாவா போச்சு? எத்தனை ஞாயித்துக்கிழமை வந்துச்சு, போச்சு! சாகப் போறப்பதான் உனக்கு ஞாயித்துக்கிழமை வந்துச்சா? கட்டிலை விட்டு எறங்காதேன்னு டாக்டர் சொன்னா, கதவையே கட்டிலுக்குக் கொண்டுவரச் சொல்லுவியா? என்ன ஒரு கொழுப்பு இருக்கணும் உனக்கு! விழுந்து முழங்கை பேந்துபோச்சுய்யா, வந்து பாரு!"

அவரை ஒருநாளும் 'நீ' என்று பேசாதவள் தெருவுக்கே கேட்கிறமாதிரி திட்டித் தீர்த்தாள். கொழுந்தன் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து நின்றான். திட்டு தீர்ந்தபோது அழுகை வந்தது. அவர் போன நாளிலிருந்து உள்ளே கட்டிக் கிடந்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டாக்டர் அதுக்கு முன்னாடியே சொல்லிட்டாருப்பா. உன்னைப் போட்டு வருத்திக்காத. உள்ள வா, காபி குடிச்சுட்டுப் போ" என்றாள். அதை அவளே முழுசாக நம்பினாளா என்று என்னைக் கேட்காதீர்கள். அவனுக்கு அந்த வார்த்தை தேவைப்பட்டது, கொடுத்தாள்.

அவன் போன பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறிப் பீரோ மேலிருந்து தாள்களை எடுத்தாள். முதலில் 'நன்றாகத் தூங்கினாள்' என்ற வரியை அடித்தாள். பிடித்த வரிதான், பொய்யாகிவிட்டது, என்ன செய்வது? கடைசித் தாளில் அந்தப் பெண் வாளியோடு இன்னும் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். 'இழுத்தாள்' என்று எழுதினாள். 'கதவு பறந்து வந்தது' என்று எழுதினாள். அந்தப் பெண் மல்லாந்து விழுந்தாள், விளிம்பைத் தொட்டாள், வழவழப்பைத் தொட்டாள், அதற்குக் கீழே மேடுபள்ளத்தையும் தொட்டாள். எழுத எழுதக் கண்ணீர் தாளில் விழுந்தது. அதோடு கூடவே அடிவயிற்றில் அந்தக் குளுகுளுப்பும் வெட்கமில்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த முறை அவள் அதைத் திட்டவில்லை. அதுவும் இந்த வீட்டு ஆள்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்.

பக்கம் திருப்பப் போனவள் சட்டென்று நிறுத்தினாள். அது சரி, வாளித் துணி என்னாச்சு?

திரும்பிப் பார்த்தாள். துணியெல்லாம் விழுந்த இடத்திலேயே மண்ணும் தூசியுமாகக் கிடந்தது. "இதோ போறேன், உசிரை வாங்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள். எல்லாவற்றையும் மறுபடி அலசிப் பிழிந்து, திறந்து கிடந்த கதவு வழியாகப் போய், கொடியில் ஒவ்வொன்றாகப் போட்டாள். அவருடைய சட்டையை நன்றாக உதறி, தோள் இரண்டிலும் கிளிப் மாட்டினாள். அப்புறம் உள்ளே வந்து அதையும் எழுதினாள்.